சமாதானத்துக்கு நீட்டிய கை

அன்புள்ள அம்மாவுக்கு,

மடுமாதா காவலில் நாங்கள் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? இங்கே ஜேர்மனியில் எங்கள் ஊர் விழாவில் பிள்ளைகள் கேக் விற்றார்கள். நான் பற்றீஸ் பொரித்துக் கொடுத்தேன்.

எங்கள் கிராமத்து மாதா கோயிலில் மாதம் ஒரு தமிழ்ப் பூசை வைக்கும்படி பங்குச் சபையில் கேட்டேன். கேட்கச் சொன்னதே இராயப்பு அண்ணைதான். இங்கே எங்களைத் தவிர இருக்கும் ஒரே தமிழ்க் குடும்பம் அவருடையது. சுவாமியார் அவருடைய விருப்பத்தையும் கேட்டார். அண்ணை எழும்பி, எங்களுக்கு ஜேர்மன் பூசையே போதும் என்று ஜேர்மனில் சொன்னார். கதை அதோடு முடிந்தது.

வெளியே வந்து, "குறை நினையாதை பிள்ளை, அவையளுக்கு முன்னால வேற என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

பெரிய விஷயமில்லை அம்மா. அந்தப் பூசைக்கென்று உங்களிடம் தமிழ்ப் பாட்டுப் புத்தகம் பத்துக் கேட்டிருந்தேன், இனி ஒன்று போதும். பார்சலில் மிளகாய்த்தூள் கொஞ்சம் கூடப் போடுங்கோ.

வேலைக்கு நேரமாகிறது. ஞாயிறு பூசையில் எல்லாரும் பக்கத்தில் நிற்பவருக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும்போது அண்ணை கை நீட்டினார். நானும் கொடுத்தேன். வீட்டுக்கு வெளியே தமிழில் கதைக்க இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உங்கள் மகள்,
மெற்றில்டா