கிளெண்டாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை

தண்டர் பே,
வியாழக்கிழமை

அன்பு மகள் மரிட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், பனி வரப்போவதை மட்டும் என் முழங்கால் வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. ஹாலிஃபாக்ஸில் நீயும் சுகம் என்று நினைத்திருந்தேன், அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு மேனேஜராகி ஆறு மாதம்தான் ஆகிறது, திங்கட்கிழமை பதவியே வேண்டாமென்று எழுதிக் கொடுக்கப் போகிறாயாமே. சூப் ஆறிப்போனால் ஆளாளுக்கு வந்து சொல்கிறார்கள், நன்றாக இருந்தால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை என்று அழுதாயாம்.

அதைக் கேட்டதிலிருந்து எங்கள் பஸ் பணிமனை மேனேஜர் கிளெண்டாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்களில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பழுப்பு உறையில் வாழ்த்து அட்டையைப் போட்டு, எல்லாரிடமும் கையெழுத்து வாங்க ரகசியமாகச் சுற்றுக்கு விடுவது அவள்தான். அவளுக்கு எப்போது பிறந்தநாள் என்று கூட வேலை செய்யும் டேலிடம் கேட்டேன். அவள் வந்து பதினோரு வருஷமாகியும் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. “என்ன ரெய்னோ, யூனியன்காரன் நீயே காக்கா பிடிக்கக் கிளம்பிட்டியா?” என்று சிரித்தான். விசாரித்தால் பிப்ரவரியிலேயே போய்விட்டது. போனால் போகட்டும் என்று நானே ஒரு அட்டை வாங்கிச் சுற்றுக்கு விட்டேன். கேலி செய்த டேல்தான் அதிகம் எழுதினான், அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிளெண்டா கேட்காமலே ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தாளாம். நேற்றுக் காப்பி வேளையில் உறையை அவளிடம் நீட்டினேன். பழக்கதோஷம், சட்டென்று பேனாவை எடுத்து, “ஐயையோ, யாருக்கு இது, நான் இன்னும் கையெழுத்துப் போடலையே” என்று பதறினாள். பிறகுதான் தன் பெயரைப் பார்த்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், “சரி சரி, அந்தப் பதினாலாம் நம்பர் பஸ் பிரேக் என்னாச்சு?” என்றாள்.

பதவி கிடைத்ததும் நீ முதலில் எனக்குத்தான் போன் பண்ணினாய். “அப்போ நீயும் மேனேஜருங்க பக்கம் போயிட்டே” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையே. இருப்பதும் விடுவதும் உன் இஷ்டம் மகளே. வேலைக்கு ஆள் போதவில்லையென்றால் உனக்கு மேலே இருப்பவரிடம் வாய்விட்டுக் கேள், கூச்சப்படாதே. வேளைக்குச் சாப்பிடு, காருக்குப் பனிக்கால டயரை இந்த வாரமே மாட்டிவிடு, கடவுள் உன்னை நன்றாக வைத்திருப்பார். தொண்ணூறு பேருக்கு மூன்று வேளையும் சோறு தவறாமல் போக நீ பார்த்துக்கொள்கிறாய், எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது. இதை ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

உன் அப்பா,
ரெய்னோ