பார்க்காமல் போட்ட கையெழுத்து

கட்டைவிரலில் ஒட்டிய ஊதா மை நாலு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. உனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கையெழுத்துப் போட்டே சம்பளம் வாங்கியவள், நேற்று அதே கிளையில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா? கை நடுக்கத்தில் என் கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை. ரேகை பார்க்கும் இயந்திரமும் என் விரலை மூன்று முறை வேண்டாம் என்றது. கடைசியில் மைப்பெட்டியை எடுத்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் நாலு வருடம் ஆகிறது. இந்தக் கோணல் எழுத்தைக் கிண்டல் செய்யாமல் படி.

கன்னியப்பனை நினைவிருக்கிறதா? பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுபவர். சூடான சாயத் தொட்டியில் நூலை அமுக்கிப் பிழிந்து, முழங்கை வரை அரக்குச் சிவப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் கிளார்க்காகச் சேர்ந்தபோதே கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. சாயக்காரர்கள் உள்ளே வந்தால் லெட்ஜரில் கறை படும் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவோம். ஹெட் கிளார்க் பணம் எடுக்கும் ஸ்லிப்போடு வெளியே போய்க் கைநாட்டு வாங்கி வருவார். "வாசல்ல நிக்கறாரும்மா, போடு" என்று உன் மேசையில் வைப்பார். 'என் முன்னிலையில் வைக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே நீ கையெழுத்துப் போடுவாய். நீ லீவு என்றால் நான் போடுவேன். இரண்டு பேருமே தலை நிமிர்ந்து பார்த்ததில்லை.

மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கக் கன்னியப்பன் வந்த அன்று அவர் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பதிவு போட்டுத் தருவதாகச் சொல்லிப் பாஸ்புத்தகத்தை ஹெட் கிளார்க்கே வைத்திருந்தார்.

"மூணு வாட்டி நீயே கைநாட்டு வெச்சு எடுத்துக்கினு போயிருக்கியே" என்றார் ஏஜென்ட். மேனேஜரை அந்நாளில் அப்படித்தான் சொல்வோம்.

"சாமி சத்தியமா நான் எடுக்கலீங்க" என்று வாசலில் நின்றபடியே அழுதார் கன்னியப்பன். அப்போதும் யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

மூன்று ஸ்லிப்பிலும் சாட்சியாக உன் கையெழுத்து. நீதான் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். கணக்கு ஆரம்பித்தபோது கன்னியப்பன் வைத்த கைநாட்டு வெறும் மைத் திட்டு. சாயமும் சூடும் தின்ற விரலில் ரேகை ஏது? ஸ்லிப்புகளிலோ ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. "இது பேனா புடிக்கிற கைடி" என்று என் காதில் சொன்னாய்.

நீ உண்மையைச் சொன்னால் உன்னையும் கூட்டாளி என்பார்கள். உன் சம்பளத்தில்தான் உன் அம்மாவும் இரண்டு தம்பிகளும் சாப்பிட்டார்கள். "வாய மூடிக்கினு இருடி, போலீஸ் பாத்துக்கும்" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நீ என்னை முறைத்தாய். "அந்தாள வெளிய நிக்க வெச்சது யாரு? நாமதானே?" என்றாய். பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டாய்.

ஸ்லிப்பில் இருப்பது ஹெட் கிளார்க்கின் கட்டைவிரல்தான் என்று ரேகை நிபுணர் சொன்னார். ஆனாலும் கோர்ட்டில் ஹெட் கிளார்க்கின் வக்கீல் உன்னை விடவில்லை.

"பொய்யா சாட்சிக் கையெழுத்து போட்டவங்கதானே நீங்க? இப்ப சொல்றத எப்படிம்மா நம்பறது?"

கூண்டில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாய். "அன்னிக்குப் பாக்காம போட்டேன் சார். இன்னிக்குப் பாத்துதான் சொல்றேன்" என்றாய். பின்வரிசையில் நான் அழுதுகொண்டிருந்தேன்.

போலி ஆவணம், நம்பிக்கை மோசடி என்று ஹெட் கிளார்க்குக்குச் சிறை. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. போலிக் கைநாட்டுக்குக் கொடுத்த பணம் கணக்குக்காரருக்குக் கொடுத்ததாகாது, நஷ்டம் வங்கியைச் சேர்ந்தது என்றது சட்டம். அதுவரை சட்டம் என்பதே கன்னியப்பன் போன்றவர்களை மிரட்டத்தான் என்று நினைத்திருந்தேன். பணம் வட்டியோடு திரும்ப வந்தது, கல்யாணமும் ஒரு வருடம் தள்ளி நடந்தது. உனக்கு இன்கிரிமென்ட் வெட்டு, வாலாஜாபாத்துக்கு மாற்றல். கூடவே ஒரு சுற்றறிக்கை வந்தது. கைநாட்டை இனி உள்ளே, மேசையில், சாட்சி போடுபவரின் கண்ணெதிரே வைக்க வேண்டும். முதல் முறையாக உள்ளே நாற்காலியில் உட்கார்ந்த கன்னியப்பன், "மேசையில ஒட்டிக்கும்மா" என்று கையைத் தூக்கியே வைத்திருந்தார். "ஒட்டட்டும்பா" என்றேன். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் யாராவது சாட்சிக் கையெழுத்துக் கேட்டால், ஆளை நேரில் கூட்டி வரச் சொல்கிறேன். தெருவில் என்னை வம்புக்காரி என்கிறார்கள். அந்தப் பெயர் உன்னால் வந்தது.

நேற்று கவுன்டரில் இருந்தவர், "மை ஒட்டிக்கும், வெளிய உக்காருங்க ஆயா, அங்கயே வந்து வாங்கிக்கிறேன்" என்றார். எனக்குத் திக்கென்றது. அதற்குள் ஒரு பெண் அதிகாரி எழுந்து வந்தாள். அன்றைய உன் வயதுதான் இருக்கும். "கைநாட்டு நம்ம கண்ணு முன்னாடிதான் வைக்கணும், தெரியாதா? நீங்க இங்க உக்காருங்க ஆயா" என்று தன் மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் விரலை மையில் ஒற்றித் தாளில் உருட்டினாள். அப்புறம்தான் பேனாவைத் திறந்தாள்.

"நல்லாப் பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"பாத்துட்டுத்தான் ஆயா போடறேன்" என்றாள்.