நிலவுக்குப் பக்கத்தில் இரண்டு ஜூபிடர்

நீலசந்திரா, பெங்களூர்
5.3.2026

அன்பு மகள் நிக்கோலுக்கு மம்மி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் டாடியும் நலம், அதாவது என் இடது கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம். ஆஸ்திரேலியாவில் நீயும் மாப்பிள்ளை டெரிக்கும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், காகிதத்தில் உன் ஜம்பம் சாயாது.

முதலில் சண்டை. போன வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப் பாதை முடிந்து வந்து, நீ சொன்னபடி மொட்டை மாடியில் போனும் கையுமாக நின்று நிலவைப் பார்த்தேனா இல்லையா? பக்கத்தில் பளிச்சென்று இருப்பதுதான் ஜூபிடர், வியாழன் கிரகம் என்றாய். எது, மேலே இருப்பதா கீழே இருப்பதா என்று கேட்டேன். ஒண்ணுதானே மம்மி இருக்கு என்றாய், எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் பெர்த் ஊரில் நிலவு கவிழ்ந்து கிடக்கிறது, முயல் தலைகீழாக நிற்கிறது என்று போட்டோ அனுப்பியவள் நீதானே. தெற்கே போனால் நிலவே கவிழும்போது, வடக்கே இருக்கிற எங்களுக்கு ஜூபிடர் இரண்டு இருக்கக் கூடாதா? நியாயத்தைச் சொல். சாட்சிக்குக் கீழ் வீட்டு ஷில்பாவை மேலே கூப்பிட்டேன். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒந்தே இதே ஆன்ட்டி, ஒண்ணே ஒண்ணுதான் என்று கன்னடத்திலும் தமிழிலும் சொன்னாள். நீயும் அவளும் கூட்டு என்று நினைத்தேன்.

அப்புறம் இடது கண்ணை மூடு, வலது கண்ணை மூடு என்று ஆட்டிவைத்தாய். வலதை மூடினால் இரண்டு ஜூபிடர், நிலவுக்கும் இரண்டு விளிம்பு. போனை வைத்த ஐந்தாவது நிமிஷம் டாடியிடம் போட்டுக் கொடுத்துவிட்டாய், அடி கள்ளி! என் ஸ்கூட்டி சாவி அன்றைக்கே பீரோவுக்குள் போய்விட்டது. இப்போது மார்க்கெட்டுக்கு டாடி பின்னால் உட்கார்ந்து போகிறேன், அவர் ஓட்டுகிற வேகத்துக்கு நடந்து போகிறவர்கள் எனக்கு குட் மார்னிங் சொல்லிவிட்டு முந்திப் போகிறார்கள்.

சனிக்கிழமை கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு கேடராக்ட், நன்றாக முற்றியிருக்கிறது, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். இப்போதுதான் என்றேன், டாடி பக்கத்தில் இருந்தாரே. உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், எட்டு மாதம். சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. ஆனேபாளையா பக்கம் ஒருநாள் எதிரே இரண்டு பஸ் வந்தது, நடுவில் புகுந்துவிடலாம் என்று வண்டியை முறுக்கப் போனேன். மாதாதான் காப்பாற்றினாள். இதை டாடியிடம் சொன்னாயோ, தொலைந்தாய்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் ஆபரேஷன். கால் மணி நேர வேலை, அன்றைக்கே வீடு என்கிறார்கள். எல்லோருக்கும் நான்தான் தைரியம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நீ டிக்கெட் போடட்டுமா என்று கேட்டபோதும், லீவை வீணாக்காதே, கொசு கடிக்கிற மாதிரிதான் என்று சிரித்தேன். எட்டு மாதம் பொய் சொல்லிப் பழகிய வாய், சுலபமாக வந்துவிட்டது. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறதடி.

உங்கள் இருவரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம். தவக்காலம், வெள்ளிக்கிழமை கறி தொடாதீர்கள். டிக்கெட் போடு கண்ணு, அன்றைக்கு நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். டாடி கேட்டால், நீயாகத்தான் கிளம்பி வந்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மம்மி
ஃபாத்திமா மதலைமுத்து