கட்சிக்காரர் ஒருவர் சார்பாக

செப். 9, திங்கள்

கச்சான் காற்று ஓயவில்லை. தாள்களின்மேல் கல் வைத்தே எழுத வேண்டியுள்ளது. ஓயாத தாகம். மண்கூசாவில் வைத்த தண்ணீர் பதினொரு மணிக்குள் முடிந்தது.

நாகலிங்கம் வழக்குக் கட்டை மீண்டும் படித்தேன். மாங்குளத்துக்குக் கிழக்கே குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்பவர். வயது முப்பத்தொன்று. மணமாகிப் பதினைந்து மாதம். வாய்க்கால் தண்ணீர் முறை பற்றி மைத்துனர் இருவரோடு சண்டை. அவர்கள் தங்கள் தங்கையான அவர் மனைவியை அழைத்துப் போய், அவள் பெயரில் இங்கே வவுனியாக் கோட்டில் விவாகரத்து வழக்கு வைத்துள்ளனர். காரணம், மணநாள் முதலே தீராத ஆண்மைக் குறைவு. சட்டம் ஏற்கும் காரணங்களுள் ஒன்று. அவருக்காக வாதாடும் பிறக்கிறாசியாக மறுமொழியில் நான் எழுதியிருப்பது: "இவ்வெதிராளி அக்கூற்றை முற்றாக மறுக்கிறார்."

விளக்கம் என்னும் விசாரணை 23ஆந் திகதி, திங்கள். ஆயத்தத்துக்கு நாகலிங்கம் வந்திருந்தார். தொப்பியை மடியில் வைத்துச் சுருட்டியபடி, "ஐயா, இதைக் கோட்டிலை எல்லாருக்கும் முன்னாலை கேப்பினமோ?" என்றார். கேட்பார்கள் என்றேன். "தோத்தால் நான் அந்த வாய்க்கால் வரம்பிலை நடக்கேலாது ஐயா." அவர் முகத்தைப் பார்க்காமல் குறிப்பெடுத்தேன்.

என் நிலையையும் ஒருமுறை எழுதி வைப்பது முறை. மனைவியோடு கணவனாக இருக்க இயலாமற் போய்ப் பதினான்கு மாதம். மணமாகி ஒன்பது ஆண்டு. ஒரு மகள். முன்பு குறை ஏதும் இருந்ததில்லை. இதுவரை எவரிடமும் சொல்லவில்லை.

செய்ய: வேலித் தகரம். குடைக் கம்பி. கிணற்றடிக்கு மண்ணெண்ணெய். நான் சிறுநீர் கழிக்கும் மூலையில் எறும்பு சாரை சாரையாக.

செப். 11, புதன்

காலை வண்டியில் மாங்குளம். வவுனியாவில் வைத்தியரைப் பார்த்தால் மாலைக்குள் கோட்டு வாசல் வரை கதை வந்துவிடும். மாங்குளத்தில் தனியாக மருந்துக்கூடம் நடத்துபவர் அறுபது தாண்டியவர். சத்தமாகப் பேசும் மனிதர். கதவைச் சாத்தச் சொன்னேன். காற்று வராது என்று மறுத்துவிட்டார்.

கட்சிக்காரர் ஒருவர் சார்பாக ஆலோசனை பெற வந்ததாகச் சொன்னேன். இருபது ஆண்டுப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிற்று. பதினான்கு மாதக் கதையை ஒன்றும் கூட்டாமல் சொன்னேன். மணமான ஆண்டையும் மகளையும் சொல்லவில்லை. பெயரும் வயதும் கேட்டார். வெளியிட இயலாது என்றேன்.

"ஆளைப் பாக்காமல் நான் என்னத்தைச் சொல்ல? இது கன ஆம்பிளையளுக்கு வாறதுதான், பிறக்கிறாசியார். வெக்கப்பட்டு ஒளிக்கிறதாலைதான் கெடுறது. சில ஆக்களுக்கு வேறை ஒரு நோய் வருத்தம் உள்ளை இருந்துகொண்டு முதல் இதைத்தான் காட்டும். ஆளுக்குத் தாகம் இருக்கோ? அடிக்கடி ஒண்டுக்குப் போறவரோ?"

அதுபற்றிக் கட்சிக்காரரின் அறிவுறுத்தல் இல்லை என்றேன். வீடு திரும்பியபின் இவ்விடையை மூன்று முறை நினைத்துப் பார்த்தேன்.

பதிவுப் புத்தகத்தில் என் பெயரை எழுதி, அதன்கீழ் 'கட்சிக்காரர் சார்பாக' என்று எழுதினார். கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் நான்கைந்து பேர் காத்திருந்தனர். ஒருவர் எழுந்து எனக்கு வணக்கம் சொன்னார். இன்னாரென்று தெரியவில்லை.

இடது காற் பெருவிரலில் செருப்பு வார் வெட்டிய காயம் இன்னும் ஆறவில்லை. நோவும் இல்லை. ஆகவே விட்டுவிட்டேன்.

செப். 16, திங்கள்

கோட்டு விறாந்தையில் எதிர்த்தரப்புப் பிறக்கிறாசியார் தோளில் கை போட்டார். வழக்கத்தில் இல்லாத அன்பு.

"என்ன காணும், மாங்குளம் வரைக்கும் போய் எங்களுக்குச் சாட்சி பிடிச்சுத் தந்திருக்கிறீர்?"

புதிய சாட்சிப் பட்டியலின் பிரதியைக் கையில் தந்தார். மூன்றாம் பெயர் மாங்குளம் வைத்தியர். பதிவுப் புத்தகத்தோடு வரும்படி அழைப்பாணை. அவர் சொல்லித்தான் தெரிந்தது: அன்று எழுந்து வணக்கம் சொன்னவர் நாகலிங்கத்தின் மூத்த மைத்துனர். கதவு திறந்திருந்தது. வாங்கு அருகில் இருந்தது. பதினான்கு மாதக் கதை முழுவதையும் கேட்டிருக்கிறார்.

என் கையில் ஆண்மைக் குறைவு வழக்கு ஒன்றே ஒன்று. மாதக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துவருகிறது. ஆகவே அந்தக் கட்சிக்காரர் நாகலிங்கம் என்று எவரும் கொள்வர். நீதிபதி உட்பட.

மதியச் சோற்றை இரண்டு முறை போட்டுத் தின்றேன். ஆயினும் இடுப்புப் பட்டியில் இன்னொரு துளை போட வேண்டியுள்ளது.

செப். 17, செவ்வாய்

வழிகள்:
(அ) கட்சிக்காரர் பேச்சு இரகசியம் என்று தடை எழுப்புதல். சட்டத்தில் இடமுண்டு. ஆனால் மறைப்பதற்கு ஏதோ உண்டு என்று நீதிபதி கொள்வார். நாகலிங்கத்துக்கு அதுவே தீர்ப்பு.
(ஆ) வேறொரு கட்சிக்காரர் என்று சொல்லுதல். யார் என்பது அடுத்த கேள்வி.
(இ)

செப். 19, வியாழன்

நாகலிங்கம் காலையிலேயே வந்து படலையடியில் நின்றார். உள்ளே வர மறுத்தார். மைத்துனர் மாங்குளத்துக் கதையைக் குடியேற்றம் முழுதும் சொல்லித் திரிகின்றனராம். தேத்தண்ணீர்க் கடை வாசலில் ஒருவன் அவருக்குச் சேலைத்துண்டு நீட்டினானாம்.

"ஐயா, நான் உங்களிட்டை அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே."

சொல்லவில்லைத்தான் என்றேன்.

"பிறகேன் சொன்னீங்கள்?"

பிழை என்னுடையது, திங்களுக்குமுன் திருத்துவேன் என்றேன். அவர் சைக்கிளை உருட்டியபடியே போனார். ஏறவில்லை. வளைவு வரை பார்த்து நின்றேன்.

மனைவி செல்வராணி குசினி வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். இந்தப் பதினான்கு மாதம் பற்றி இதுவரை என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. பிள்ளைக்கு இருமல் என்று மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றியது மட்டுமே அவள் செய்தது.

"இஞ்சாருங்கோ, அந்த டாக்குத்தரிட்டை நீங்கள் ஆரின்ரை கதை சொன்னனீங்கள்?"

சொன்னேன். கதிரையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, முழுவதும்.

அவள் அழவில்லை. "நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றாள். பிறகு: "அந்த மனிசனைப் பழி சுமக்க விடாதேங்கோ. நாளைக்கு நானும் வாறன்."

வழி (இ): உண்மை.

செப். 20, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. இலை அசையவில்லை. இருவரும் இரயிலில் போனோம். புளியங்குளம் கழிந்து காடு எரிந்த கறுப்பு நீளமாக ஓடியது.

வைத்தியரிடம் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. வாங்கில் ஆட்கள் இருந்தனர். நின்றபடியே சொன்னேன்: "பதினோராந் திகதி நான் சொன்ன கட்சிக்காரர் நான்தான். வேறு எவரும் இல்லை." வாங்கில் ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதிவுப் புத்தகத்தைத் திருப்பி அந்த வரியின்கீழ் எழுதச் சொன்னார். 'மேற்குறித்த கட்சிக்காரர் நானே' என்று எழுதி ஒப்பமிட்டேன். நாகலிங்கத்தைத் தாம் ஒருநாளும் கண்டதில்லை என்று திங்களன்று சொல்வதாகச் சொன்னார். நானும் வழக்கை வேறொருவரிடம் ஒப்படைத்துச் சாட்சிக் கூண்டில் ஏறுவேன். அதன்பின் வவுனியாவில் எனக்கு வழக்குகள் வருமா என்பது வேறு விடயம்.

"இப்பவாவது ஆள் வந்தாரே," என்றார் வைத்தியர். அன்று கேட்ட கேள்விகளை மறுபடியும் கேட்டார். தாகம், ஓம். அடிக்கடி சிறுநீர், ஓம். உடல் மெலிவு, ஓம். எறும்பைப் பற்றிச் செல்வராணி சொன்னாள்.

சிறுநீரில் சில துளியைக் கண்ணாடிக் குழாயில் இருந்த நீலத் திராவகத்தில் விட்டு, ஸ்பிரிற் விளக்கில் பிடித்தார். பச்சையாயிற்று. பிறகு மஞ்சள். இவ்வளவில் நின்றுவிடும் என்று நினைத்தேன். செங்கல் நிறத்தில் தடித்து அடியில் இறங்கியது.

"நீரிழிவு. கன நாளாய் உள்ளை இருந்திருக்குது. மற்றதைப் பிறகு பாப்பம், அதுக்கும் வழி இருக்கு." விளக்கை ஊதி அணைத்தார். "காலிலை காயம் ஏதும் இருக்கோ?"

சிறியது, நோவில்லை என்றேன்.

அவர் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"நோவில்லையோ? அதுதான் பயம், நரம்பு செத்தால்தான் நோகாது. செருப்பைக் கழட்டுங்கோ."

செல்வராணி முந்திக் குனிந்து வாரை அவிழ்த்தாள். விரலைத் தொட்டாள். அவள் தொட்டது எனக்குத் தெரியவில்லை.