நாலு மணி வெயில்

மேற்குச் சன்னலில் நீ திரையாகக் கட்டிவிட்ட, இளம்பிள்ளைத் தறியில் நெய்த சேலையை இன்று துவைக்கக் கழற்றினேன். திரைச்சீலை வாங்கித் தருகிறேன் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல், ஓரம் நைந்த உன் வெந்தய நிறச் சேலையைப் பாதியாகக் கிழித்து, மடித்துத் தைத்து நீயே மாட்டியது. அதை எடுத்ததும் வெயில் நேரே என் மேசைக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்த படம் சுத்தமாகத் தெரியவில்லை. வழக்கம்போல் முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

இன்னும் கட்டாத வீட்டின் ஹால் எப்படி இருக்கும், சமையலறை எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து இன்ஜினியர்களுக்குக் கொடுக்கும் இந்த வேலையை நான் ஆரம்பித்தபோது, திருச்செங்கோட்டில் நம் சொந்தக்காரர்கள் யாருக்கும் இது வேலையாகவே தெரியவில்லை. "ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டு பொம்மை போடறாரு" என்று உன் பெரியம்மா சொன்னதை நீயே வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அண்ணன் வேறு, போர்வெல் வண்டிக்கு மேனேஜராக வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "மாப்ள, வண்டி வடக்க போகுதுங்க. நம்மாளு ஒருத்தரு கூட இருந்தாத்தான் சரியா வரும்." போனால், துளை போடும் வேலை நிற்கும் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்ப முடியும்.

பரமத்தி வேலூரில் வாழையும் வெற்றிலையும் போடும் ஒரு குடும்பம் புது வீடு கட்ட இருந்தது. அவர்களுடைய ஹால் படம்தான் எனக்குக் கடைசி நம்பிக்கை. இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதாமுங்க" என்றார் இன்ஜினியர். நான் என்ன செய்தேன்? இன்னும் நாலு விளக்கைச் சேர்த்தேன். ஷார்ப்னஸை ஏற்றினேன். சோபாத் துணியின் நூலைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. படம் மட்டும் முன்னைவிடக் கேவலமாகிவிட்டது. இதுவும் திரும்பினால் வண்டிக்குப் போய்விடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ என் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாய்.

மறுநாள் சாயங்காலம் டீ டம்ளரோடு வந்தவள், அறையின் நிலைப்படியிலேயே நின்று கண்ணைச் சுருக்கிக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாய்.

"ஏனுங்க, இந்த ஊட்டுல இப்ப மணி என்னங்க?"

"படத்துல ஏது மணி?" என்று எரிந்து விழுந்தேன்.

"பின்ன? வெயிலு ஒரு பக்கமாத்தானுங்க வரும். இங்க நாலு பக்கமும் வருது. சோபாவுக்கு அடியில ஒரு நெழலக் காணோம். எல்லாச் சாமானும் அந்தரத்துல நிக்குதுங்க."

சொல்லிவிட்டு டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாய். டீ ஆறும்வரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். படத்தில் மணி நாலு என்று வைத்துக்கொண்டேன், நம் வீட்டிலும் அப்போது நாலுதான். அவர்கள் ஹாலுக்கும் மேற்கே ஒரு சன்னல் உண்டு. அதன் வழியே ஒரே ஒரு சூரியனைச் சாய்வாக விட்டேன். சன்னலுக்கு உன் சேலை மாதிரியே மெல்லிய திரை போட்டேன். வெளிச்சம் அதில் இளகித் தரைக்கு வந்து, தரையிலிருந்து சுவரில் ஏறியது. சோபாவுக்கு அடியில் நிழல் வந்தது. சோபா தரையில் உட்கார்ந்தது.

உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூலையில் ஒரு விளக்கு வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "மூலைன்னா கொஞ்சம் இருட்டாத்தானுங்க இருக்கும், உடுங்க" என்றாய். ஷார்ப்னஸையும் இறக்கினேன். ஹாலில் போட்டிருந்த தேக்கு ஊஞ்சலில், வெயில் படுகிற பலகையின் விளிம்பு மட்டும் துல்லியமாக இருந்தது, மற்றதெல்லாம் அமைதியாக. இருட்டுப் பக்கம் "ரவை தூவினாப்புல" புள்ளி புள்ளியாக இருந்ததைக் கண்டுபிடித்ததும் நீதான். அதை அழிக்க ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் தேக்கு மரத்தின் வரிகளும் சேர்ந்து அழிந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டு முடிக்கும்வரை கம்ப்யூட்டரை நிதானமாக ஓடவிடுவது ஒன்றுதான் வழி. மறுநாள் பகல் முழுக்க ஓடியது. ஃபியூஸ் போய்விடுமோ என்று பயந்து நீ மிக்ஸியைத் தொடவேயில்லை. இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டோம்.

இன்ஜினியர் கூப்பிட்டார். "படத்தப் பாத்துட்டு அந்த ஊட்டம்மா, இந்த எடத்துல உக்காந்துதான் நான் டீ குடிப்பேன்னு சொல்லிட்டாங்க. மாடியும் நீங்களே போட்டுருங்க." உன்னிடம் நான் சொல்லி முடிப்பதற்குள் நீ அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாய். "அண்ணா, இவிய வரலீங்க. வேற ஆளப் பாத்துக்கோங்க." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே பையிலிருந்த சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாய். நான் போகக்கூடாது என்று நீ எவ்வளவு நினைத்திருந்தாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நமக்கு நிறைய வருஷங்கள் கிடைக்கவில்லை. கிடைத்தது முழுசாகக் கிடைத்தது. சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவாய். வண்டியோடு போயிருந்தால் உன் வலியெல்லாம் ஏதோ ஒரு ஊரில் எனக்குப் போனில்தான் வந்து சேர்ந்திருக்கும். கடைசிவரை பக்கத்தில் இருந்தேன். அதை எனக்குக் கொடுத்தது நீ கேட்ட அந்த ஒரு கேள்வி. நீ இருக்கும்போது நன்றி என்று சொல்லியிருந்தால் "என்னங்க புதுசா" என்று சிரித்திருப்பாய். இப்போது சொல்கிறேன், சிரித்தாலும் பரவாயில்லை.

இன்றைக்கும் எந்த வேலை வந்தாலும், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு முதலில் மணியைத்தான் கேட்கிறேன். இப்போது செய்வது மல்லசமுத்திரத்தில் ஒரு சமையலறை. அங்கே காலை ஏழு மணி. அந்தப் படம்தான் இன்று வெயிலில் மறைந்துபோனது. கம்ப்யூட்டர் திரையில் என் முகமும், எனக்குப் பின்னால் நீ வந்து நிற்கும் நிலைப்படியும்தான் தெரிந்தன.

சேலை கொடியில் காய்கிறது. காய்ந்ததும் மாட்டிவிடுவேன். அதுவரை வேலை ஓடாது, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நம்ம ஊட்டுல இப்ப மணி நாலு. நான் இங்கதான் இருக்கேன்.