உள்ளே பார்க்காமல் எடுத்த வீடு

அன்புள்ள லொரேட்டா,

போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். சீர்செய்து விற்க நமக்கு முதல் வீடு கிடைத்துவிட்டது. யங்ஸ்டவுனில், ஏலத்தில், பாதி விலைக்கு. ஏலத்துக்கு வரும் வீட்டைத் தெருவில் நின்றுதான் பார்க்கலாம், உள்ளே விடமாட்டார்கள். முழங்கால் உயரத்துக்குப் புல் இருந்தது. காலி வீடு என்று நம்பிவிட்டேன், முட்டாள் நான்.

இன்று பூட்டை மாற்றப் போனேன். ஒரு பெண் கதவைத் திறந்தாள். பின்னால் இரண்டு பிள்ளைகள்.

"ஏலத்துல எடுத்தது நீங்கதானா? எங்களுக்குப் போக இடமில்லைங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என் புருஷன் வீட்ட அடமானம் வச்சிட்டாரு. பேங்க்லேர்ந்து லெட்டர் வந்தப்பதான் எனக்கே தெரியும்."

காரில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

லொரேட்டா, நம் வீட்டுக்கு வங்கியிலிருந்து ஏதாவது கடிதம் வந்தால், நான் வரும்வரை பிரிக்காதே.

உன் புருஷன்