பாப்பா மட்டும் படிக்கவும்

புந்தோங், ஈப்போ
6.3.1988

அன்புள்ள காளியம்மாவுக்குப் பத்துமலை எழுதிக்கொண்டது. நெற்றியில் நாலு தையல் நீங்கலாக நான் இங்கே நலம். நீயும் பாப்பாவும் மாப்பிள்ளை கார்த்திகேசுவும் சம்பந்தியம்மாவும் அங்கே ஜோகூரில் தையல் எதுவும் இல்லாமல் முழுசாக நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

பாப்பா, நீதான் இதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாய். தையல் என்று வந்ததுமே அம்மா எழுந்து நின்றிருப்பாள். உட்காரச் சொல். உயிருக்கு ஒன்றுமில்லை, மானம்தான் கொஞ்சம் போனது.

இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன், என் பஸ்ஸிலிருந்தே விழுந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? தஞ்சோங் ரம்புத்தான் போகிற வழி. படியில் தொங்கிக்கொண்டு போகிறேன். நம் பழைய தோட்டத்து ராமையா இருக்கிறாரே, பொண்டாட்டி போய் ஒரு வருஷம்கூட முடியவில்லை, தலை மீசை எல்லாம் கறுப்பு மை பூசிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் வாழைப்பழச் சீப்போடு நிற்கிறார். யார் வீடு என்று பார்க்கக் கழுத்தைத் திருப்பினேன். பிச்சைமுத்து அந்த நேரம் பார்த்துப் பிரேக் போட்டான். ராமையாவே ஓடி வந்து என்னைத் தூக்கினார். அவர் கை மை என் சட்டையிலும் என் இரத்தம் அவர் பழத்திலும். அது யார் வீடு என்று மட்டும் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

பிச்சைமுத்து பயணிகளை இறக்காமலே பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான். முப்பது பேர் என்னை எமர்ஜென்சியில் கொண்டுவந்து விட்டார்கள். மந்திரிக்குக்கூட இந்த மரியாதை கிடைக்காது.

அங்கே ஒரு புதுப் பழக்கம். தையல் போடுமுன் ஒரு மலாய் நர்ஸ் மிஸ்ஸி வந்து, சின்னப் பெண், நம் பாப்பா வயதுதான், எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும் ஒரு குழாய் இரத்தம் எடுத்து ஒட்டுவியாதி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறோம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்றாள். காலை ஒடித்துக்கொண்டு வந்தாலும் சரி, காதில் ஈ புகுந்து வந்தாலும் சரி, எல்லாருக்கும் உண்டாம். சுவரில் நாலு மொழியில் எழுதியும் போட்டிருக்கிறார்கள். தமிழ்தான் கடைசியில், பொடி எழுத்தில்.

பிச்சைமுத்து என் காதில், வேணாம்னு சொல்லுண்ணே, சும்மா இருக்கறதக் கிளறாத லா என்றான். அவனுக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் யார் முன்னால் வந்து நின்றாலும் நமக்கு வேண்டாம் என்ற சொல் வாயில் வருமா? தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டால் இருக்கேங்கய்யா என்று சொல்லி வளர்ந்த வாய் இது. அந்தப் பெண் சொல்லி முடிக்குமுன் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டேன். அவள்தான் மாமா முறை வைத்து, பாக்சிக், இன்னொரு தடவை கேட்கிறேன், சம்மதம்தானா என்றாள். போலே, போலே, தாராளமாக எடு என்றேன்.

வேறு விசேஷம் இல்லை. பக்கத்து வீட்டு ராக்காயி குழம்பு கொடுக்கிறாள். உப்பைப் பற்றி எழுதினால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும், ஆகவே நன்றாயிருக்கிறது. பாப்பா, ஒன்பதாம் மாதம் பிறக்கிறது, மாடிப்படி ஏறாதே. காளியம்மா, அவளை அதட்டாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ஒட்டுப்போட்ட நெற்றியுடன்,
பத்துமலை


புந்தோங்
24.3.1988

அன்புள்ள காளியம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவின் கால்வீக்கம் வடிந்தது என்று அறிந்து நிம்மதி. தையல் பிரித்தாயிற்று. தழும்பு நாமம் மாதிரி நேராக நிற்கிறது. பார்க்கிறவர்கள் பெருமாள் பக்தன் என்று நினைக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை வரவும் என்று மலாயில் மூன்றே வரி. தையல் பார்க்கக் கூப்பிட்டிருப்பார்கள். தையல் பிரித்துப் பத்து நாளாகிறது என்பது வேறு விஷயம். முகமது இப்ராஹிம் அண்ணன் சாப்பாட்டுக் கடையிலிருந்து போன் போட்டுக் கேட்டேன். போனில் சொல்லும் வழக்கம் இல்லை, நேரில் வாருங்கள் என்றார்கள். கடையில் ரொட்டி சானாய் தட்டுகிற சத்தம் அப்படியே நின்றுபோயிற்று. நான் போனை வைத்ததும் திரும்ப ஆரம்பித்தது. இந்த ஊரில் மாவுக்குக்கூடக் காது உண்டு.

இப்ராஹிம் அண்ணன் என்னைக் கேலி செய்கிறார். தேத்தண்ணிக்கு வீட்டிலிருந்து என் டம்ளரையே கொண்டுபோகிறேன் அல்லவா, என்ன பத்துமல, தொர ஆயிட்டியா, எங்க கிளாஸ்ல குடிச்சா வாய் வெந்திருமா என்கிறார். எனக்குச் சளி, அதனால்தான். முடிவெட்டும் கடைக்கும் போகவில்லை. தாடி வளர்த்துப் பார்க்கலாம் என்று ஓர் ஆசை. ராக்காயி தன் பேரனை என் மடியில் போட வந்தாள், கை அழுக்கு என்று எழுந்துவிட்டேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாளாகக் குழம்பு வரவில்லை.

நேற்று பஸ்ஸில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். அமெரிக்காவில் ஆரம்பித்த அந்தப் புது வியாதி இங்கேயும் வந்துவிட்டதாம், இரத்தத்தில்தான் இருக்குமாம், ஆளைப் பார்த்தால் தெரியாதாம். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒல்லி ஆள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் எழுந்து நின்றுகொண்டார்கள். அந்த ஆள் பாவம், பிறவியிலேயே ஒல்லி. நான் டிக்கெட் கொடுக்கப் போனபோது அவர் என்னைப் பார்த்தார். நான் மீதிச் சில்லறையை மறந்துபோய் வந்துவிட்டேன்.

பாப்பா, அம்மா முகம் எப்படி இருக்கிறது? மெலிந்திருக்கிறாளா? இராத்திரியில் காய்ச்சல் ஏதும் உண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

காளியம்மா, இன்னொன்று. ஏழு வருஷத்துக்கு முன் டிரைவர்மாரோடு எல்லை தாண்டித் தாய்லாந்தில் ஹாட்யாய் போய்வந்தேனே, அங்கே நான் குடை மட்டும்தான் வாங்கினேன். நீ அப்போது நம்பவில்லை. பிச்சைமுத்துவைக் கேட்டுப் பார். திடீரென்று நினைவு வந்தது, எழுதினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
பத்துமலை


புந்தோங்
29.3.1988

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

தாயி, உறையின் மேலேயே உன் பேரை எழுதி, உன்னைத் தவிர யாரும் பிரிக்க வேண்டாம் என்று கோடு போட்டிருக்கிறேன். இதைச் சத்தமாகப் படிக்காதே. குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு முழுவதும் படி. பாதியில் வெளியே வராதே. பாதிதான் பயமாக இருக்கும்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று நாளாக நான் தூங்கவில்லை என்பதை உன்னிடம் மறைத்து என்ன பயன்? அது எய்ட்ஸ் என்றே முடிவு கட்டிவிட்டேன். சாமிப்படத்துக்குப் பின்னால் உன் அம்மாவுக்கு ஒரு சீட்டுகூட எழுதி வைத்தேன். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது என் கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் சேர்ந்து ஆடினார்கள்.

டாக்டர் சிலோன் தமிழர், இளவயது. நான் உள்ளே போனதும் அவர் வாய் திறக்குமுன், அய்யா, ஹாட்யாயில் நான் குடை மட்டும்தான் வாங்கினேன் என்றேன். அவர் என்னையும் கடுதாசியையும் மாறி மாறிப் பார்த்து, உங்களை இப்ப யார் ஹாட்யாய் கேட்டது, முதலில் இருங்கோ என்றார். பிறகு, நீங்கள் நினைக்கிற வியாதி இல்லை என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சத்தம் போட்டு, பைத்தியக்காரன் மாதிரி. மிஸ்ஸி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

வேறு ஒன்று இருக்கிறதாம். கல்லீரலில் தங்குகிற கிருமி. காமாலையில் ஒரு வகை, ஹெபடைட்டிஸ் பி என்று பேர். எனக்குக் காமாலை வந்ததே இல்லையே என்றேன். வராமலே உள்ளே குடியிருக்குமாம். வாடகையும் தராது, சத்தமும் போடாது, என்றைக்காவது ஒரு நாள் வீட்டையே இடித்துவிடும். இப்போது ஒன்றுமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். டம்ளரால் வராது, ஒரு தட்டில் சாப்பிட்டால் வராது, இரத்தத்தால்தான் வரும், புருஷன் பொண்டாட்டிக்குள் வரும் என்றார்.

எங்கே பிடித்தது என்று கேட்டேன். சின்ன வயதிலேயே பிடித்திருக்கலாம், ஊசி, சவரக்கத்தி, பச்சை குத்துவது, ஏதாவது பொதுவாக இருந்ததா என்று கேட்டார். அய்யா, எங்கள் தோட்டத்தில் அறுபது வீடு, ஒரு நாவிதர், ஒரு கத்தி. மருந்து கொடுக்கிற டிரெசர் அய்யாவிடம் ஒரு ஊசி. வரிசையில் நிற்போம், குத்துவார், துணியில் துடைப்பார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். திருவிழாவில் ஒரே அலகு எத்தனை கன்னத்தில் ஏறியதோ மாரியம்மனுக்குத்தான் தெரியும் என்றேன். அப்படியென்றால் எங்கே என்று தேடுவதில் அர்த்தமில்லை என்றார். அந்த வரிசையில் உன் அம்மாவும்தான் நின்றாள், பாப்பா. எனக்கு நாலு ஆள் தள்ளி.

பிறகு வீட்டில் யார் யார் என்று கேட்டார். பெண்சாதி, ஒரே மகள், மகளுக்கு ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பேனா சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டேன். உன் அம்மாவுக்கு இருந்தால், பெறும்போதே உனக்கும் வந்திருக்கலாம். உனக்கு இருந்தால், பிறக்கிறபோது உன் பிள்ளைக்கும் போகும். நம்மைப் போலப் பெரியவர்களுக்குப் பிடித்தால் பெரும்பாலும் தானே போய்விடும். பிறந்த பிள்ளைக்குப் பிடித்தால் போகவே போகாது. ஆனால் பிள்ளை பிறந்த அன்றைக்கே ஊசி போட்டால் தடுக்கலாம். அன்றைக்கே, பாப்பா. மறுநாள் பார்க்கலாம் என்பது உதவாது. அந்த மருந்து எல்லா ஆஸ்பத்திரியிலும் கையில் வைத்திருக்க மாட்டார்கள், முன்னாலேயே சொல்லி வரவழைக்க வேண்டும். அதற்கு முன்னால் உன் இரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே எமர்ஜென்சிக்கு வருகிறவர் எல்லாருக்கும் தாமாகவே பார்த்தார்கள். அங்கே உன்னைப் பார்ப்பார்களோ என்னவோ, டாக்டருக்கும் தெரியவில்லை. நீதான் வாய் திறந்து கேட்க வேண்டும். டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பேசக் கூச்சமாக இருந்தால் அதை நீட்டினால் போதும்.

உன் மாமியாரை நினைத்தால்தான் எனக்குப் பயம். பொறந்த வீட்டுச் சீரு பத்தாதுன்னு இதையும் குடுத்து அனுப்பினானா உங்கப்பன் என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஹாட்யாய் கதையை யாராவது எடுத்துவிட்டால் அதையும் நான் சுமந்துகொள்கிறேன். எனக்கு இருந்தால் உனக்கும் இருந்தே தீரும் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லாமலும் போகலாம் என்றார். அதைத்தான் நேற்றிலிருந்து நூறு தடவை சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் இல்லை என்று நினைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்துவிடாதே. நேற்று வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கே, அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியிருக்குமே என்று தோன்றியது. பிறகு தேதியை எண்ணிப் பார்த்தேன். உனக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அதற்கப்புறம் சோறு எங்கே இறங்கும்?

மாப்பிள்ளையிடம் சொல்லு. அமைதியானவர், புரிந்துகொள்வார். அவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பஸ் ஜனத்தையே சிரிக்க வைக்கிறவனுக்கு உன் அம்மாவிடம் சொல்ல ஒரு வரி வரவில்லை. அவளையும் கூடவே கூட்டிப் போ. கெழவிக்கு எதுக்கு இதெல்லாம் என்பாள். மகளுக்குத் துணையாக என்று சொல். மற்றதை நான் வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன். என்ன எடுத்து அடிக்கிறாளோ அடிக்கட்டும்.

போனில் இதைச் சொல்ல என்னால் முடியாது, கடை முழுக்கக் கேட்கும். ஆனால் நீ பேசலாம். வெள்ளிக்கிழமையிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இப்ராஹிம் அண்ணன் கடையிலேயே இருப்பேன். பார்த்தாச்சு என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடு. மருந்தும் சொல்லி வைத்தாயிற்று என்றால் இன்னொரு சொல் சேர்த்துச் சொல். வேறெதுவும் கேட்க மாட்டேன்.

என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும் தாயி, கோபப்பட உனக்கு வருஷக்கணக்காக நாள் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

நீயும், நான் இன்னும் முகம் பார்க்காத அந்த உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க, மாரியம்மனைக் கும்பிட்டபடி,

உன் அப்பா
பத்துமலை